கண்ணாடி வீட்டுப் பனைகள்: அழகும் உழைப்பும் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நகரங்களிலே வங்கி, சுற்றுலா விடுதி, அலுவலகம் முதலியவற்றின் வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர், பெரிய சாடியொன்றிலே பொன்மஞ்சள் நிறத் தண்டுகள் பல ஒருங்கே எழுந்து, வளைந்த ஓலைகளை நாற்புறமும் விரித்து நிற்பதைக் காண்பர். வீடுகளின் விறாந்தைகளிலும் முன்வளவுகளிலும் அதே செடி நிற்கின்றது. வியாபாரிகள் அதனை 'அரேக்கா பாம்' என்பர். அதனை நட்டவர் யார், நீர் ஊற்றுபவர் யார், அது எங்கிருந்து எவ்வாறு இவ்விடம் வந்து சேர்ந்தது என்னும் வினாக்கள் பொதுவாக எழுவதில்லை. அழகுக்காக வைக்கப்பட்ட பொருளுக்கு வரலாறு உண்டென எண்ணுவது நமது வழக்கமன்று.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் சாடிச்செடியைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் 'இயற்கை', 'அழகு' என்னும் இரு சொற்களும் நமது இலக்கியத் திறனாய்விலே இன்றும் பெரிதும் குழப்பம் விளைவிப்பன. இயற்கையழகு என்றும் மாறாதது, வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்பர் ஒரு சாரார். அழகைப் பேசுவதே பூர்சுவா மனப்பான்மை என ஒதுக்குவர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைப்பாடுகளும் தவறானவை என்பதே நமது கருத்து. ஒரு செடி எவ்வாறு 'அழகுப் பொருள்' ஆயிற்று என்பதனை வரலாற்று அடிப்படையிலே நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். அதற்குத் தூர்விட்டுக் குத்தாக வளரும் வெப்பமண்டலப் பனையினங்கள் மிகப் பொருத்தமான சான்றாகும்.

2

முதலில் இத்தாவரங்களின் இயல்பை வரையறுத்துக் கொள்வோம். பனைக்குடும்பத்தைச் சேர்ந்தவற்றுள் நமக்கு நெருங்கிய பனை, தெங்கு, கமுகு, கித்துள் ஆகியன தனித்தண்டாய் வளர்வன. ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியிலே ஒரே குருத்து. அக்குருத்தை வெட்டினால் தண்டு மடியும். பிறிதொரு வகையினவோ அடியிலிருந்து பக்கக்கன்றுகளை ஈன்று, வாழையும் மூங்கிலும் போலக் குத்தாக வளர்வன. மடகஸ்கார்த் தீவின் கிழக்குக் கரைக்குரிய 'அரேக்கா பாம்', தென்சீனத்துக்கும் வியற்நாமுக்கும் உரிய ராப்பிஸ், தென்கிழக்காசியாவிலே பரந்து வளரும் மீன்வாலோலைப் பனை, மலாயா, போர்னியோ, சுமாத்திராச் சதுப்புநிலங்களுக்குரிய செந்தண்டுப் பனை என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. நமது காடுகளிலே வளரும் பிரம்பும் பனைக்குடும்பத்ததே. பிரம்பினங்களுட் பலவும் குத்தாகவே வளர்வன.

இவை மரமா, புல்லா? தொல்காப்பிய மரபியல் இவ்வினாவுக்கு விடை தந்துளது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் அந்நூல் வகுக்கும். பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் இவ்வகையிலே புல்லாகவே கொள்ளப்பட்டன. புல்லின் உறுப்பு ஓலை; மரத்தின் உறுப்பு இலை. இன்றும் நாம் பனையோலை என்றும் மாவிலை என்றும் கூறுவோமேயன்றி மாற்றிக் கூறுவதில்லை. ஒருவித்திலைத் தாவரங்கள் என நவீன தாவரவியல் புல்லையும் பனையையும் ஒரே பெரும் பிரிவிலே அடக்குவது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

இதனைப் பழம்பெருமை பேசுவதற்காக நாம் எடுத்துக்காட்டவில்லை. நவீன விஞ்ஞானம் முழுவதும் நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது என்போர் கூற்று நமக்கு உடன்பாடன்று. இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. தண்டின் வைரம் உள்ளேயா வெளியேயா என்பது தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குப் புலப்படாது. வெட்டியவன், பிளந்தவன், வளையும் சட்டமும் செய்தவன் ஆகியோருக்கே அது தெரியும். இலக்கண நூலார் வகுத்த பாகுபாட்டின் அடியிலே தொழில் செய்வோரின் அறிவு உறைந்துள்ளது. பயன்பாடும் உழைப்புமே அந்த அறிவுக்கு ஊற்றுக்கண். இக்கருத்தை மனத்திலிருத்திக்கொண்டு ஐரோப்பாவை நோக்குவோம்.

3

18ஆம் நூற்றாண்டிலே லின்னேயசு பனைகளைத் தாவர உலகின் அரசர் என்னும் பொருள்படப் 'பிரின்சிப்பெசு' எனக் குறித்தார். 1799இல் தென்னமெரிக்கா சென்ற அம்போல்ற்று பனைகளை வெப்பமண்டலத்தின் மாண்புக்கு அடையாளமாகக் கொண்டார். பிரேசிலில் 1817 முதல் 1820 வரை ஆய்வுப்பயணம் செய்த மார்ற்றியசு, 1823ஆம் ஆண்டு தொடக்கம் பனைகளைப் பற்றிய மூன்று பெருந்தொகுதிகளை வண்ணப்படங்களுடன் வெளியிட்டார். பனை ஐரோப்பியரின் கற்பனையிலே 'வெப்பமண்டலம்' முழுவதற்கும் குறியீடாயிற்று. அறிவு வேட்கை இவர்களிடம் உண்மையாகவே இருந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவ்வேட்கை வளர்ந்த காலம் குடியேற்றவாதம் விரிவடைந்த காலம் என்பதனை மறத்தலாகாது.

குளிர்நாட்டில் வெப்பமண்டலத் தாவரம் வளர வெப்பமும் ஒளியும் ஈரமும் வேண்டும். அவற்றைச் செயற்கையாகத் தரவல்ல ஆற்றல் கைத்தொழிற்புரட்சியினாலேயே தோன்றியது. இரும்பு, கண்ணாடி, நிலக்கரி ஆகிய மூன்றுமின்றிப் பனைவீடு இல்லை. கியூ பூங்காவின் பனைவீடு 1844 முதல் 1848 வரை கட்டப்பட்டது. வடிவமைத்தவர் டெசிமஸ் பேட்டன். இரும்பு வேலையை ஏற்றவர் ரிச்சட் ரேணர். நீளம் ஏறக்குறைய 360 அடி. கப்பல் கட்டும் தொழிலிலே பயன்பட்ட இரும்பு விலா முறையே இக்கட்டடத்துக்கு உதவியது. நிலத்தின் கீழே கொதிகலன்கள். அவற்றுக்கு நிலக்கரி கொண்டுசெல்லச் சுரங்கப்பாதை. புகை கண்ணில் படாதவாறு தொலைவில் ஒரு கோபுரம். வெப்பத்தை உண்டாக்கும் உழைப்பு நிலத்தின் கீழும், அவ்வுழைப்பின் பயனாகிய பசுமை மேலே கண்ணாடியின் உள்ளும் அமைந்தமை தற்செயலன்று. பூர்சுவா சமுதாயம் தன் அழகுப் பொருள்களை அமைத்துக்கொள்ளும் முறை முழுவதையும் இக்கட்டடம் சுருக்கிக் காட்டுகின்றது.

பிரித்தானியாவிலே கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. செல்வந்தர் மட்டுமன்றி நடுத்தர வர்க்கத்தினரும் கண்ணாடி வீடுகளை அமைக்க அதன் பின்னரே வழி பிறந்தது. அதே 1845இல் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. ரேணரின் இரும்புத் தொழிற்சாலை டப்ளின் நகரின் அருகே இருந்தது. அயர்லாந்து மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேதான் பனைகளின் மாளிகைக்குரிய இரும்பு அந்நாட்டிலே உருவாயிற்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நாம் கூறவில்லை. ஓர் அரசு எதற்கு முன்னுரிமை அளித்தது என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளின் ஒருங்கமைவு உணர்த்துகிறது என்பதே நமது கருத்து.

தனியார் வணிகமும் இத்துறையில் முன்னோடியாயிருந்தது. கிழக்கு இலண்டனின் அக்னி என்னுமிடத்திலே லொடிஜஸ் குடும்பத்தார் நடத்திய நாற்றுமேடை, பெரும் பனைவீடொன்றைக் கொண்டிருந்தது. அது மூடப்பட்டபோது அங்கிருந்த பனைகளை யோசப் பக்ஸ்ரன் 1854இல் சிடன்காமில் மீள அமைக்கப்பட்ட பளிங்கு மாளிகைக்கு வாங்கினார். முதிர்ந்த பெரும்பனையொன்றைக் குதிரைகள் பல பூட்டிய வண்டியிலே இலண்டன் வீதிகளினூடாக இழுத்துச் சென்றனர். பேரரசின் தலைநகரிலே வெப்பமண்டலம் ஊர்வலம் சென்ற காட்சியாகவே அதனைக் கொள்ளலாம்.

4

பனைவீட்டின் கதையோடு இணைந்தது ஒரு சிறு பெட்டியின் கதை. நதானியல் வார்ட் என்னும் மருத்துவர் கிழக்கு இலண்டனிலே வாழ்ந்தார். நிலக்கரிப் புகையினால் அவர் வளர்த்த பன்னங்கள் யாவும் மடிந்தன. 1829இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணுடன் போத்தலிலே மூடி வைத்திருந்தபோது, அம்மண்ணிலிருந்து பன்னமும் புல்லும் முளைத்து நீரூற்றாமலே வளர்வதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையே சேரும் என்பதே அதன் தத்துவம். 1833இல் இத்தகைய பெட்டிகளிலே செடிகளை வைத்துச் சிட்னிக்கு அனுப்பி வெற்றி கண்டார். கடல் உப்பும் வெயிலும் நன்னீர்த் தட்டுப்பாடும் அதுவரை கப்பலிற் சென்ற செடிகளுட் பெரும்பாலானவற்றை அழித்து வந்தன. அத்தடை இப்போது நீங்கியது.

இப்பெட்டி பனைகளையும் பன்னங்களையும் இலண்டன் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது என்பது அதன் வரலாற்றின் ஒரு பாதியே. மறுபாதி அதனினும் முக்கியமானது. றொபேட் போச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்தியது இப்பெட்டிகளிலேயே. 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த 1919 கன்றுகள் அவ்வாண்டே 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவிலுள்ள எனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன. அலங்காரப் பனையும் பெருந்தோட்டப் பயிரும் ஒரே பெட்டியில், ஒரே கப்பற் பாதையில், ஒரே நிறுவனங்களின் ஏற்பாட்டிலே பயணம் செய்தன. ஒன்று துரையின் விறாந்தைக்கு. மற்றது துரையின் வங்கிக் கணக்குக்கு.

பேராதனைப் பூங்கா இவ்வலையமைப்பின் முக்கிய கண்ணியாகும். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. ஆறே ஆண்டுகளின் பின், 1821இல், கண்டியரசரோடு தொடர்புடைய அந்நிலத்திலே அலெக்சாந்தர் மூன் தாவரவியற் பூங்காவை நிறுவினார். மகாவலி கங்கை வளைந்தோடும் அப்பூங்காவின் பனைச் சாலைகளின் எழிலைக் கண்டு மகிழாதார் இலர். 1952 தொடக்கம் பேராதனையிலே கற்றவர் பலர் அச்சாலைகளிலே நடந்தவர்கள். நமது தலைமுறையினரின் கவிதைகளிலும் அவற்றின் நிழல் படிந்துள்ளது. எனினும் கோப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் றப்பரும் இந்நாட்டின் முகத்தை மாற்றியமைத்தபோது, அம்மாற்றத்தின் அறிவியற் பணிமனையாக விளங்கியதும் இப்பூங்காவே. அங்கே அழகும் மூலதனமும் அடுத்தடுத்த பாத்திகளிலே வளர்ந்தன.

இவ்விடத்திலே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. 1876இல் வந்த றப்பர்க் கன்றுகள் எத்தனை என்பது ஒன்று பிசகாமற் பதிவாகியுள்ளது. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வடபாதை வழியே காட்டினூடாக நடந்து வந்து கொலராவாலும் பசியாலும் மடிந்த கூலித்தொழிலாளரின் தொகைக்கோ ஒன்றுக்கொன்று முரண்பட்ட மதிப்பீடுகளே உள. கன்றுக்குப் பெயரும் எண்ணும் தரப்பட்டன. கன்றை நட்டவனின் வழித்தோன்றலுக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமையும் இல்லாதாயிற்று. அவ்வநீதியின் எச்சங்கள் சட்ட அளவிலே தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தமிழிலே 'தோட்டம்' என்னும் சொல் இவ்வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கியுள்ளது. யாழ்ப்பாணத்து விவசாயிக்குத் தோட்டம் என்பது கிணற்றிலிருந்து நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யும் நிலம். நகரத்தவருக்கு அது பூஞ்செடி வளரும் முன்வளவு. மலையகத் தமிழருக்கோ அது வாழ்க்கை முழுவதும். பிறந்ததும் உழைத்ததும் புதையுண்டதும் தோட்டத்திலேயே. சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கிலக் கவிதை நூலுக்கு 'இன் சிலோன்ஸ் ரீ காடின்' எனப் பெயர் சூட்டியமை இவ்விரு பொருளும் மோதும் முரணை உட்கொண்டதேயாகும். பங்களாவின் தோட்டத்துக்கும் லயத்தைச் சுற்றிய தோட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் சில நூறு யார். அத்தூரத்தின் பெயரே வர்க்கம்.

5

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பனை கண்ணாடி வீட்டிலிருந்து வரவேற்பறைக்கு வந்தது. வோல்ற்றர் பெஞ்சமின் 1935இல் எழுதிய கட்டுரையொன்றிலே, பூர்சுவா தனிமனிதன் தன் வீட்டின் உட்புறத்தைத் தனக்கென அமைந்த சிற்றுலகமாக்கித் தூரத்தையும் இறந்தகாலத்தையும் அதற்குள் சேர்த்து வைப்பதனை விளக்கியுள்ளார். சாடிப்பனை அத்தகைய 'தூரம்'. குடியேற்ற நாடுகளை ஒருபோதும் காணாதவனுக்கும் அது பேரரசில் ஒரு பங்கை அளித்தது. ஒளி குறைந்த அறை, எரிவாயு விளக்கின் புகை, குளிர் ஆகியவற்றைத் தாங்கக்கூடிய இனங்களே தெரிந்தெடுக்கப்பட்டன. மெக்சிக்கோ, குவாத்தமாலாக் காடுகளின் நிழலிலே வளரும் சிறு பனையொன்று 'வரவேற்பறைப் பனை' என்றே பெயர் பெற்றது. நிழலிற் பிறந்தமையால் நிழலைத் தாங்கும் என்பதே அதன் தகுதி.

இலக்கியமும் இதனைக் கண்டுகொண்டது. எமிலி சோலா 1872இல் நூலாக வெளிவந்த 'லா கியூரே' நாவலிலே, பாரிசு நகரின் நிலவணிகத்திற் பணம் குவித்தவனின் மாளிகையில் உள்ள வெப்பக் கண்ணாடி வீட்டைக் கதையின் மையக் களங்களுள் ஒன்றாக்கினார். அங்கே தாவரங்களின் மிகைச் செழிப்பும் அவ்வர்க்கத்தின் ஒழுக்கச் சீர்குலைவும் ஒன்றையொன்று விளக்குவன. 1936இல் ஜோர்ஜ் ஓர்வெல் தமது நாவலொன்றின் தலைப்பிலேயே சாடிச்செடியை நிறுத்தினார். ஆயின் அது பனையன்று, மலிவான அசுப்பிடிசுதிரா. கீழ்நடுத்தர வர்க்கத்தின் மரியாதைக்கு அடையாளமாக அது அங்கு வருகின்றது. மாளிகையின் பனையிலிருந்து ஒண்டுக்குடித்தன வீட்டின் சாடி வரை, சமூகப் படிநிலை செடிகளிலும் பதிந்திருந்தது.

இப்போக்கிலிருந்து விலகிய ஒருவரைக் குறிப்பிடாது விடுதல் முறையாகாது. அல்பிரட் றசல் வொலசு 1853இல் அமேசன் பனைகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'அவற்றின் பயன்கள்' என்னும் தொடர் இடம்பெற்றது. எந்தப் பனையால் கூரை வேய்வர், எதனால் கயிறு திரிப்பர், எதன் கனியை உண்பர் என அவர் அங்கு வாழும் மக்களிடமிருந்து அறிந்தவற்றைப் பதிவு செய்தார். பிற்காலத்திலே தம்மைச் சோசலிசவாதி என வெளிப்படையாக அறிவித்தவரும் அவரே. பனையைப் பார்த்தபோது அதன் கீழ் நின்ற மனிதனையும் பார்த்த கண் அவருடையது.

6

இனி 'அரேக்கா பாம்' என்னும் பெயரை நோக்குவோம். அச்செடி அரேக்கா அன்று. அரேக்கா என்பது கமுகுக்குரிய விஞ்ஞானப் பெயர். அப்பெயரோ மலையாளத்து 'அடைக்கா', தமிழின் 'அடைக்காய்' என்னும் சொற்றொகுதியிலிருந்து போர்த்துக்கீசர் வாயிலாக ஐரோப்பா சென்றது. வெற்றிலையும் பாக்கும் சேர்ந்த வணிகத்தின் சொல் அது. மடகஸ்கார்ப் பனை கமுகின் சாயலை ஒத்திருந்தமையால் வணிகர் அதனை அப்பெயரால் அழைத்தனர். அனோவர் நகரின் எரன்கவுசன் பூங்காவைச் சேர்ந்த பனையறிஞர் வென்ட்லாண்ட் 1878இல் அதற்குக் கிரிசாலிடோகார்ப்பசு லூற்றெசென்சு எனப் பெயரிட்டார். பின்னர் அது டிப்சிசு என்னும் பேரினத்திலே சேர்க்கப்பட்டது. 2022இல் வெளியான மரபணு அடிப்படையிலான ஆய்வின் பின் மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியுள்ளது. விஞ்ஞானிகள் பெயரை இருமுறை மாற்றியும் கடைக்காரர் ஒருமுறையும் மாற்றவில்லை. நமது பாட்டிமாரின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து புறப்பட்ட சொல், உலகம் சுற்றி, உரிமையற்ற ஒரு செடியின் மேல் ஒட்டிக்கொண்டு, வடிவம் மாறி நமது விறாந்தைக்கே திரும்பியுள்ளது. நாமும் அதனை அந்நியச் சொல்லென்றே எண்ணி உச்சரிக்கின்றோம்.

அச்செடியின் தாயகமோ 1896இல் பிரான்சின் குடியேற்ற நாடாக்கப்பட்டது. 1947இல் அங்கெழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளிலே சாடியில் நிற்கும் இப்பனை, தன் சொந்தக் கரையோரக் காட்டிலே அச்சுறுத்தலை அண்மித்த நிலையில் உள்ளதென இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. மடகஸ்காரின் பனையினங்களுள் 83 வீதமானவை அழியும் ஆபத்தில் உள்ளன என அவ்வொன்றியம் 2012இல் அறிவித்தது. காடழிப்பை ஏழை விவசாயியின் அறியாமையாகக் காட்டுவது எளிது. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற நில உறவுகளையும் வறுமையையும் ஏற்றுமதிப் பொருளாதாரத்தையும் நீக்கிவிட்டு அதனை விளக்க முடியாது. பண்டமாகப் பெருகியும் உயிரினமாகத் தேய்ந்தும் வரும் இம்முரண்பாடு, பரிமாற்றப் பெறுமதி பயன்பெறுமதியினின்று முற்றாகப் பிரியும்போது நிகழ்வதற்கு ஓர் உதாரணமாகும்.

பண்டமயமாக்கம் செடியின் உருவத்தையே போலியாக்கிவிடுகிறது. தூர்விட்டுக் குத்தாவதற்குக் காலம் வேண்டும். வணிகத்துக்குக் காலம் பணமாகும். ஆதலின் ஒரே சாடியிலே பத்து, இருபது விதைகளை நெருக்கமாக முளைக்கச் செய்து, குத்தாக வளர்ந்ததுபோலத் தோற்றமளிக்கச் செய்கின்றனர். தனித்தண்டாய் வளரும் வரவேற்பறைப் பனையும் இவ்வாறே விற்கப்படுகின்றது. உண்மையான குத்திலே ஒரே வேர்த்தொகுதியிலிருந்து தண்டுகள் பிறக்கும். போலிக் குத்திலே தனித்தனிக் கன்றுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, நலிந்தவை மடியும். சந்தையின் விதி சாடிக்குள்ளும் நுழைந்துவிட்டது எனலாம்.

அண்மைக் காலத்திலே இச்செடிகள் 'காற்றைத் தூய்மையாக்குவன' என விளம்பரப்படுத்தப்படுகின்றன. அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக 1989இல் மூடிய சிறு கூடுகளிலே நடத்தப்பட்ட பரிசோதனைகளே இதற்கு ஆதாரம். 2019இல் வெளியான மீளாய்வொன்று, சாதாரண கட்டடத்திலே காற்றோட்டத்துக்கு ஈடான பயன் பெறுவதற்கு ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் எனக் கணித்தது. யன்னலைத் திறந்தால் ஆகும் காரியத்துக்குச் செடி விற்கப்படுகிறது. நகரத்துக் காற்றை நஞ்சாக்கிய சமூக அமைப்பை விட்டுவிட்டுத் தனிமனிதன் தன் அறைக்குரிய காற்றைக் கடையில் வாங்கலாம் என்னும் மாயையே இங்கு விற்கப்படும் உண்மையான பண்டம். வார்ட் மருத்துவரின் போத்தல் புகையிலிருந்து செடியைக் காத்தது. இன்றோ செடி நம்மைக் காக்கும் எனப்படுகின்றது. புகை மட்டும் கேள்விக்குள்ளாவதில்லை.

7

இவ்வாறு கூறுவதனால் சாடிப்பனையைத் தூக்கியெறிய வேண்டும் என்பது நமது முடிவன்று. அத்தகைய முடிவு வரட்டுவாதமாகும். செடி வளர்த்தலில் மகிழ்ச்சி காண்பது எந்த வர்க்கத்தின் ஏகபோக உரிமையுமன்று. லயத்து வாசலிலே பழைய தகரத்தில் செவ்வந்தி வளர்க்கும் தாயின் அழகுணர்ச்சியை எவர் பூர்சுவா உணர்ச்சி என்பர்? சிக்கல் அழகிலன்று, அழகை உழைப்பிலிருந்து பிரித்த வரலாற்றிலேயே உள்ளது. நிலக்காட்சி என்னும் கருத்தே நிலத்தில் உழைக்காது விலகி நின்று நோக்குபவன் ஒருவனை வேண்டிநிற்பது என 1973இல் றேமண்ட் வில்லியம்சு காட்டிய உண்மை, பனைக்கும் பொருந்தும். பனையில் ஏறுபவனுக்கு அது காட்சியன்று. ஏறாதவனுக்கே அது முழுவதும் காட்சி.

இவ்விமர்சனத்தை நாம் நம்மீதும் திருப்ப வேண்டும். யாழ்ப்பாணத்திலே பனையைக் கற்பகதரு எனப் போற்றிப் பாடாத புலவர் அரியர். அப்பனையிலே நாள்தோறும் ஏறியிறங்கிய சீவற்றொழிலாளரோ கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அம்முரண்பாட்டின் வெளிப்பாடுகளுள் ஒன்று. மரத்தைத் தெய்வமாக்கி மனிதனைத் தீண்டாதவனாக்கிய நமது 'இயற்கை வழிபாடு', இலண்டன் வரவேற்பறையின் பனை மோகத்தினும் எவ்வகையில் உயர்ந்தது? குடியேற்றவாதியை மட்டும் குற்றஞ்சாட்டி நம்மை விடுவித்துக்கொள்ளல் வரலாற்று நேர்மையாகாது.

ஆதலின், செடியை அறிதல் என்பது அதனை வளர்ப்பவனின் அறிவை மீட்டெடுத்தலாகும். பேராதனையிலும் பிற இடங்களிலும் பூங்காத் தொழிலாளரோடு உரையாடிய எவரும் அவ்வறிவின் நுட்பத்தை உணர்வர். 'அரேக்கா'வுக்கு நேர்வெயிலினும் வடிகட்டிய ஒளி ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். காய்ந்தாலும் உப்பேறிய நீரை ஊற்றினாலும் ஓலை நுனி கருகும். ராப்பிசைத் தூர் பிரித்து நடலாம். அது மெதுவாகவே வளரும், ஆயின் இருண்ட மூலையையும் தாங்கும். செந்தண்டுப் பனை சதுப்பின் பிள்ளை. ஈரமும் வெப்பமும் குறைந்தால் பிழைக்காது. முதிர்ந்த ஓலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் அழகு கெடுகிறதென உடனே வெட்டச் சொல்வர். அவ்வாறு வெட்டுதல் பல வேளைகளில் கேடு. மண்ணிலே பொற்றாசியம் குறைந்தபோது, பனை தன் முதிய ஓலையிலிருந்து அதனை எடுத்து இளங்குருத்துக்கு ஊட்டுகிறது. பழைய ஓலையை அகற்றினால் பற்றாக்குறை அடுத்த ஓலைக்கு ஏறும். அழகைக் காப்பதாக எண்ணி உயிரின் ஊட்டத்தை வெட்டுகிறோம்.

மீன்வாலோலைப் பனையின் வாழ்க்கை முறையும் கருதத்தக்கது. அதன் தண்டு ஒன்று முதிர்ந்ததும் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக் காய்த்து மடியும். நம் கித்துளும் அவ்வாறே. ஆயின் கித்துள் தனித்தண்டு, ஆதலின் அதன் முடிவு மரத்தின் முடிவு. குத்தாக வளரும் மீன்வாலோலைப் பனையிலோ தண்டு மடிந்தபின்னும் அதே வேரிலிருந்து புதிய தண்டுகள் எழுந்துகொண்டேயிருக்கும். இதனை உவமையாக்கி முழக்கமிடும் ஆசையை நாம் அடக்கிக்கொள்கிறோம். தாவரங்களுக்கு வர்க்கமில்லை, வர்க்கம் மனிதரிடையே மட்டும் உள்ளது. எனினும் மடிந்த தண்டைப் பக்குவமாக வெட்டி, அதனடியிலுள்ள முளைக்கு ஒளிவிடும் தொழிலாளியின் கைக்கு இது உவமையன்று, அன்றாட அறிவு.

வங்கி வாயிலிலே பனைச்சாடிக்கு ஒவ்வொரு காலையும் நீர் ஊற்றுபவர் ஒருவர் உளர். வாடிக்கையாளர் வருமுன் அவர் தம் வேலையை முடித்து அகன்றுவிட வேண்டும் என்பது பல இடங்களிலே எழுதாத விதி. கியூவின் சுரங்கப்பாதை இன்று நம் நகரங்களில் இவ்வுருவிலே தொடர்கின்றது. அழகைப் பற்றிப் பேச முனையும் திறனாய்வாளர், முதலில் அந்த மனிதரைக் காணக் கற்க வேண்டும். அவரையும் அவர் அறிவையும் வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் இயற்கை வருணனை, எத்துணை இனிதாயினும், கண்ணாடிக்குள் வளர்ந்த கவிதையாகவே இருக்கும்.